நாற்பத்து மூன்று வெள்ளி வட்டங்கள்

எங்கள் வீட்டுக் கடன் சண்டை, கடன் கைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போட வேண்டிய நகையில் பாதிக்குப் பதிலாக என் அப்பா இரண்டு சென்ட் மனை எழுதிக் கொடுத்திருந்தார். ஆம்பூர் பைபாஸுக்கு அந்தப் பக்கம், புதிதாகப் பிரித்த இடம். அதில் வீடு கட்டப் பதினெட்டு லட்சம் கடன் கேட்டு வங்கியில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தோம். பதினெட்டு என்று என் வீட்டுக்காரர் எழுதப் போனபோது நான் அவர் கையைப் பிடித்தேன்.

"பதினஞ்சு போதும். மீதி மூணுதான் உங்கிட்ட இருக்குதே."

"அதை எடுக்க முடியாது."

"ஏன், பூட்டு போட்டு சாவிய ஆத்துல போட்டுட்டியா?"

"ஓடிட்டிருக்குது. நடுவுல எடுக்கக் கூடாது."

வெளியிடங்களில் நான் அவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் 'நீ' வந்துவிடும். அன்று வங்கி மேஜையிலேயே வந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அதிகாரி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

அந்த மூன்று லட்சம், அவர் மாதம் ஐயாயிரமாக மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்த பணம். எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால் ஆரம்பித்தது. ஐந்தாம் தேதி காலையில் அவருடைய சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடும். எட்டரை வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் ஏறுமா இறங்குமா என்று தெரியாத இடத்தில் பணத்தைப் போட்டு வைப்பது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அதை எடுத்துக் கடனைக் குறை, மாதா மாதம் போடுகிற ஐயாயிரத்தையும் நிறுத்திக் கடனிலேயே கட்டு என்பது என் கட்சி. நீண்ட காலத்தில் கடன் வட்டியைவிட அது ஜாஸ்தி கொடுக்கும், கொஞ்சம் பொறு என்பது அவர் கட்சி.

இதில் எங்கள் வேலைக்கும் பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது. அவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் மரப்பீப்பாய் மாதிரி டிரம்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். தோலையும் மருந்தையும் உள்ளே போட்டுக் கதவை மூடிவிட்டால், நேரம் ஆகும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறப்பவனை அங்கே மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். நான் ஷூ கம்பெனியில் தோல் செக்கிங். என் மேஜைக்கு வந்த தோல் அன்று மாலைக்குள் அடுத்த பிரிவுக்குப் போயாக வேண்டும். பெண்டிங் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் மேனேஜருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், பத்து வருஷத்தில் எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது. இருபது வருஷக் கடன் என்பது என் கணக்கில் இருபது வருஷ பெண்டிங்.

கடைசியில் அவர் பதினெட்டு என்றே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவருக்குப் பத்தடி முன்னால் நடந்தேன்.

வங்கிப் பணம் ஒரேயடியாக வராது. அஸ்திவாரம், கூரை, பூச்சு என்று வேலை முடிய முடிய, வங்கி அனுப்பும் இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒவ்வொரு பகுதியாக விடுவார்கள். ஒன்றரை வருஷம் அப்படியே போனது. ஃபண்டு பற்றிய சண்டை மாதத்துக்கு ஒருமுறை, சரியாக ஐந்தாம் தேதி நடந்தது. கடைசியில் வண்ணம் பூசி, தரை போட்டு, இரண்டரை லட்சம் மட்டும் பாக்கி என்ற நிலைக்கு வந்தோம். அந்த இரண்டரை வந்ததும் மேஸ்திரிக்குக் கொடுத்துச் சாவி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு ஓனரம்மா, தன் மகன் கல்யாணத்துக்குப் போர்ஷன் வேண்டும், மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். நாங்களும் பெரிய மனசு பண்ணிச் சரி என்றிருந்தோம்.

இங்கேதான் நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

செக்கிங் மேஜையில் என் வேலை இதுதான். தோலை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்ப்பேன். உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவேன். வெட்டுகிறவர்கள் அந்த வட்டங்களை விட்டுவிட்டு வெட்டுவார்கள். இந்தக் கண்ணை வேலை நேரம் முடிந்ததும் கழற்றி லாக்கரில் வைக்க முடியாது. பெண் பார்க்க வந்தபோதே என் வீட்டுக்காரரின் வலது புருவத்தில் இருந்த தழும்பைச் சின்னக் குறை, மைனர் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டவள் நான்.

ஒரு சனிக்கிழமை மேஸ்திரியிடம் சாவி கேட்டு வாங்கிக்கொண்டு புது வீட்டுக்குத் தனியாகப் போனேன். கைப்பையில் பேனா இருந்தது. மேஸ்திரி நம்மை ஏமாற்றிவிடக் கூடாது, கடைசிப் பணம் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் சரிசெய்ய வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். சுவரில் முடி போல ஓடிய விரிசல், பட்டி மாவை ஒழுங்காகத் தேய்க்காத மேடு, தூரிகை ரோமம் ஒட்டிய இடம், சரிவு சரியில்லாத ஜன்னல் விளிம்பு. ஒவ்வொன்றையும் அழகாக வட்டம் போட்டேன். மொத்தம் நாற்பத்து மூன்று. அதோடு நின்றேனா? கம்பெனிப் படிவத்தைப் போலவே கிரிட்டிக்கல், மேஜர், மைனர் என்று மூன்று பத்தி போட்டு ஒரு ரிப்போர்ட்டும் டைப் செய்தேன். அடுக்களையில் ஸ்விட்ச் போர்டு கொஞ்சம் கோணலாக இருந்தது. தினமும் என் கண்ணில் படப்போகிற இடம் என்பதால் அதைக் கிரிட்டிக்கலில் போட்டேன். கீழே 'செக்ட் பை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அதை மேஸ்திரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் வங்கி இன்ஜினியர் வந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அன்று ஷிப்ட். நான் அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்தேன். சத்தமே போடாத மனிதர், கையில் அளவு டேப். உள்ளே நுழைந்தவர் கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். காலை வெயிலில் வட்டங்கள் எல்லாம் பளபளவென்று மின்னின.

"இதெல்லாம் யாரும்மா போட்டது?"

"நான்தான் சார்," என்றேன், பரிசு வாங்கப் போகிறவளைப் போல.

அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனிக்கு வரும்போது எப்படி விளக்குவோமோ அப்படி விளக்கினேன். "இது மேஜர் சார். இது மைனர், பாஸ் பண்ணலாம். இது நைட்ல தெரியாது, பகல்ல தெரியும்." அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தார். இவ்வளவு பொறுமையாக என் பேச்சைக் கேட்ட ஆண்பிள்ளையை அதுவரை நான் பார்த்ததில்லை. உற்சாகத்தில் ரிப்போர்ட்டையே எடுத்துக் காட்டினேன்.

"இதுல ஒரு காப்பி கிடைக்குமா?"

"இதையே வச்சுக்கோங்க சார்."

மூன்றாம் நாள் வங்கியிலிருந்து போன். கடைசிப் பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓடிப் போய் விசாரித்தால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி என் ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னாலேயே விரித்தார். கட்டடத்தில் கிரிட்டிக்கல் குறை ஒன்று, மேஜர் பதினொன்று, மைனர் முப்பத்தொன்று. எல்லாவற்றையும் சரிசெய்து, மறுபடி இன்ஜினியர் பார்த்தால்தான் பணம்.

"மேடம், அது ஸ்விட்ச் போர்டு மேடம். கோணலா இருக்குது, அவ்ளோதான்."

"நீங்களே கிரிட்டிக்கல்னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்கீங்களே?"

என் கையெழுத்து வேறு அன்று வழக்கத்தைவிட நன்றாக அமைந்திருந்தது.

மேஸ்திரி இன்னும் மோசம். பணம் வராமல் சாவி கிடையாது, பணம் வராமல் ரிப்பேருக்கும் ஆள் அனுப்ப மாட்டேன் என்றார். "நான் வீடு கட்னேம்மா. செருப்பா தெச்சேன், வட்டம் போட்டு வச்சிருக்க?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். எனக்கும் கத்தத் தெரியும். ஆனால் அன்று நியாயம் அவர் பக்கம் இருந்ததால் தொண்டை ஒத்துழைக்கவில்லை.

இன்ஜினியருக்குக் காட்ட வாங்கிய சாவியையும் திருப்பிக் கேட்டார். போகட்டும், கொடுக்கும் முன் வட்டத்தையாவது அழிப்போம் என்று கம்பெனியில் வெள்ளிப் பேனா துடைக்கிற திரவத்தைக் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து தேய்த்தேன். தோலில் ஒரே துடைப்பில் போய்விடும். பட்டி பார்த்த சுவர் அதை உறிஞ்சிக்கொண்டது. வட்டமாக இருந்தது, முழு நிலாவாக, சாம்பல் நிறத்தில் பரவியது. மூன்றைத் தேய்த்ததும் பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

மாதக் கடைசிக்குப் பதினேழு நாள். ஓனரம்மா சுண்ணாம்புக்காரரை அழைத்து வந்து எங்கள் அறையை அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

வேறு வழி ஒன்று இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த ஃபண்டை எடுத்து மேஸ்திரிக்குக் கொடுத்தால் மறுநாளே சாவி. ஒன்றரை வருஷமாக மாதா மாதம் எதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேனோ, அதை இப்போது கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோணல் ஸ்விட்ச் போர்டைக் கிரிட்டிக்கல் என்று எழுதியவள் எந்த முகத்தோடு கேட்பது? கம்பெனி கோடவுனில் பாய் விரித்துப் படுத்தாலும் படுப்பேன், கேட்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தேன். அவராவது திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மனிதர் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் என் கோபத்துக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அதை எடுத்துடலாம்."

இந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் எத்தனை ஐந்தாம் தேதிகளில் தொண்டை வறண்டிருக்கிறேன்! ஜெயித்துவிட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. பழக்கப்பட்ட ஒன்றைச் செய்கிறவரின் முகம். அது எனக்கு என்னவோ போலிருந்தது.

"மார்க்கெட் இறங்கிக் கிடக்குதுன்னு சொன்ன? இப்ப எடுத்தா நஷ்டமில்ல?"

"பரவால்ல. எப்பவும் இப்டித்தான் ஆவும்."

"எப்பவும்னா?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, பேப்பரில் சினிமா நேரம் படிப்பது போலச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்து முதலில் கட்டின சீட்டு, அக்கா கல்யாணத்துக்குப் போனது. அடுத்து தபால் ஆபீசில் போட்டது, அப்பா போர் போடும்போது எடுத்தது. போரில் தண்ணீர் வரவில்லை. ஒரு பவுன் காசு வாங்கி வைத்தார், அது தம்பி காலேஜ் பீஸ். அப்புறம் வண்டி வாங்கச் சேர்த்தது, யாரோ சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டார், கொடுத்தார், திரும்பவில்லை. எதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான் போனது என்றார்.

"இதான் அஞ்சு வருஷம் தாங்குச்சு. நான் போட்ட காசு போட்ட எடத்துலயே இருக்குது பாருன்னு அப்பப்ப தெறந்து பாப்பேன். வேற ஒண்ணுமில்ல. பர்சன்டேஜ் எல்லாம் சும்மா உங்கிட்ட பேசறதுக்குச் சொல்றது."

பத்து வருஷமாகத் தோலின் மேல்பரப்பில் ஊசிமுனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள் நான். இரண்டு வருஷத்துக்கு மேல் பக்கத்திலேயே இருந்த ஆளைச் சரியாகத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அடம் பிடிக்கிறார் என்று நினைத்தேன், வட்டிக் கணக்குத் தெரியாதவர் என்று நினைத்தேன். தன் வாழ்நாளில் ஒரே ஒரு பணமாவது யாருக்கும் போகாமல் நிற்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஒன்றையும் பிடுங்கத்தான் நான் மாதா மாதம் கத்தியிருக்கிறேன். அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"போனைக் கீழ வை," என்றேன். "அதைத் தொட்டே, நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்டுவேன்."

அவர் திடுக்கிட்டார். "நீதான எடுக்கச் சொல்லிச் சொல்லி பேஜார் பண்ணே?"

"அப்ப சொன்னேன். இப்ப வேணாங்கறேன்."

"அப்ப சாவி?"

"ரிஜெக்ட் ஆன தோலை இன்னா பண்ணுவாங்க? ரீவொர்க் பண்ணி சரி பண்ணுவாங்க. ஞாயித்துக்கிழமை நீ ஃப்ரீதான?"

என் மேஜையில் என்னோடு வேலை செய்கிற மூன்று பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்று பேரும் வந்தார்கள். கூலி, ஆளுக்கு ஒரு மட்டன் பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு கூடுதலாக. மேஸ்திரியிடம் நானே போய், ரிப்பேரை நாங்கள் செய்கிறோம், நீங்கள் கதவை மட்டும் திறந்து விடுங்கள் என்று கேட்டேன். அவருக்கும் பணம் வர வேண்டுமே. கதவைத் திறந்துவிட்டு, எங்கள் வேலையைப் பார்த்துச் சிரிப்பதற்காக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

விரிசலைக் கீறிப் பட்டி வைப்பதும், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பதும் எங்களுக்குப் புதிதில்லை. தோலில் செய்கிற வேலையைச் சுவரில் செய்தோம். வெள்ளி மைதான் வழிக்கு வரவில்லை. மேலே பெயின்ட் அடித்தால், காயக் காயச் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. இரண்டாம் கோட் அடித்தோம். மறுபடி எட்டிப் பார்த்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். தோலில் சாயம் கசிந்தால் அவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. "மை மேல ஏறுது. தோலுக்குப் பூசற லேக்கர் போட்டு மூடணும். அது காஞ்சப்புறம் கலர்," என்று சொல்லிவிட்டு மேஸ்திரியின் வண்டியை வாங்கிக்கொண்டு வேலூருக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை லாங் பஜாரில் எந்தக் கடை பாதி ஷட்டரோடு திறந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். மூன்று மணி நேரத்தில் டப்பாவோடு வந்து, பழைய கிண்ணத்தில் ஊற்றி, எதையோ கலந்து, பஞ்சில் தொட்டு ஒவ்வொரு வட்டத்தின்மேலும் மெல்லியதாகத் தடவினார். அவசரமே இல்லை. "காயட்டும்" என்று சொல்லிப் பிரியாணி சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நாலு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். காய்ந்த பிறகு பெயின்ட் அடித்தோம். எட்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது இன்னா மருந்து தம்பி?" என்று பேர் எழுதி வாங்கிக்கொண்டார். போகிற போக்கில் ஸ்விட்ச் போர்டைக் கழற்றி அவரே நேராக மாட்டினார்.

இன்ஜினியர் இரண்டாம் முறை வந்த நாளில் என் வீட்டுக்காரர் லீவு போட்டார். என்னை நம்பவில்லை. நீ வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியமே வாங்கியிருந்தார். இன்ஜினியர் கூடத்தைச் சுற்றி வந்து, "இந்தத் தடவை ரிப்போர்ட் எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்டார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஒரு தூரிகை ரோமம் ஒட்டியிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "இல்ல சார்," என்றேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று செக்கிங் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் புரியும்.

வெள்ளிக்கிழமை பணம் வந்தது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பால் மட்டும் காய்ச்சிவிட்டுச் சாமான்களை ஏற்றினோம். புது வீட்டில் முதல் ஐந்தாம் தேதி, வழக்கமாகச் சண்டை போடுகிற நாளில், உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். தோலில் முதுகுப் பக்கம் உறுதியாக இருக்கும், ஷூவின் முன்பாகத்தை அதில்தான் வெட்டுவார்கள். வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுபடும், அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பாகங்களை வெட்டுவார்கள். அதே மாதிரி, மாதச் சம்பளம் உறுதியானது, தவணை அதிலிருந்து. என் போனஸ், ஓவர்டைம் எல்லாம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அது எவ்வளவு வந்தாலும் அப்படியே கடனின் அசலில் கட்டுவது. மாதம் ஐயாயிரம் ஃபண்டுக்குப் போவதும், ஏற்கெனவே அதில் இருப்பதும் யாரும் தொடக் கூடாதது. போனஸ் முழுவதையும் கடனில் கட்டலாம் என்றதும் நான் உடனே ஒத்துக்கொண்டேன். என் பெண்டிங் வியாதிக்கும் வருஷத்துக்கு ஒருமுறை மருந்து வேண்டுமே.

கிரகப்பிரவேச விருந்தை அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எளிமையாக வைத்துக்கொண்டோம். கணியம்பாடிப் பக்கத்திலிருந்து அவர் வீட்டு ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். மதியப் பந்தி மொட்டை மாடியில். இரண்டாம் பந்தியில் நான் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தேன். வரிசையின் நடுவில் அவருடைய சித்தப்பா உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், எல்லோரிடமும் அன்பாகப் பேசுவார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் குனிந்து தண்ணீர் ஊற்ற, சித்தப்பா அவர் தோளில் கைபோட்டார்.

"இன்னாப்பா, நீ ஏதோ ஃபண்டுல போட்டு வச்சிருக்கியாமே? அண்ணி சொன்னாங்க. என் பையனுக்கு லோடு ஆட்டோ எடுக்கறேன். முன்பணத்துக்கு ரெண்டு லட்சம் இடிக்குது. அறுப்பு முடிஞ்சதும் தந்துடறேன். நீ இல்லன்னு சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்போடு நிமிர்ந்தார். அவர் முகத்தில், டீ குடித்த அந்தக் காலையில் பார்த்த அதே அமைதி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவர் வாய் திறப்பதற்குள் நான் பாயச வாளியோடு நடுவில் புகுந்தேன்.

"அது அவரு காசு இல்ல மாமா. என்னுது. நான் தர மாட்டேன்."

இலையில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த சத்தம்கூட நின்றது. மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் பாயசம் திரிந்திருக்க வேண்டும். சித்தப்பா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தன் அண்ணன் மகனைப் பார்த்தார். "இன்னாப்பா, மருமவ இப்டிச் சொல்லுது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு செம்பைக் கீழே வைத்தார்.

"ஆமா சித்தப்பா," என்றார். "அவளுதுதான். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லை, காதெல்லாம் சிவந்துவிட்டது. நான் சித்தப்பாவின் இலையில் இரண்டு கரண்டி பாயசம் ஊற்றினேன். முந்திரியாகத் தேடி அள்ளித்தான் ஊற்றினேன், பணம்தான் இல்லை என்றேனே தவிரப் பாயசத்தில் குறை வைக்கவில்லை. அவரும் குடித்தார்.

வேன் கணியம்பாடி போய்ச் சேர்வதற்குள் என் பெயர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வந்த மருமகளுக்கு வாய் ஜாஸ்தி, கஞ்சம், புருஷனைக் கைக்குள் போட்டுக்கொண்டாள். இப்போது அந்தப் பக்கத்திலிருந்து யாரும் அவரிடம் பணம் கேட்பதில்லை. கேட்டால் அந்த ராட்சசி நடுவில் வருவாள் என்று அவர்களாகவே விட்டுவிடுகிறார்கள். அவர் விசேஷங்களுக்குப் போகிறார், எல்லோரோடும் சிரித்துப் பேசிவிட்டு, எதையும் இழக்காமல் வீடு வந்து சேர்கிறார். நல்லவர் என்ற பெயர் அவருக்கு அப்படியே இருக்கிறது. அவர் வீட்டில் கெட்டவளாவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால், தாலி கட்டின அன்றைக்கே ஆகியிருப்பேன்.